ரமணி வாங்கிய டர்போ காடி

குமுதா கல்யாணம் செய்துகொண்டு, பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டிக் கெப்பாலா பத்தாசுக்குப் போனபோது வீட்டிலிருந்து அதிகமாக எதையும் எடுத்துப் போகவில்லை. துணிமணிகள், தையல் மிஷின், அவளுடைய அம்மா கொடுத்த ஒரு முருகன் படம், அப்புறம் அவளும் தோழி ரமணியும் வேலைக்கு ஓட்டிப் போய்வந்த காடி. காடி அவள் பேரில்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பாயான் பாருவின் அந்த ஐந்தாம் மாடி வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள். எது யார் பேரில் இருக்கிறது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

ரமணிக்கு ஐம்பத்தொன்று. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் டெக்னீஷியன். குமுதா அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் இருந்தாள். ஹாஸ்டலில் பழகி, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் வெளியே வீடு எடுத்தவர்கள். ரமணிக்கு வந்த வரன்கள் ஏதோ காரணத்தால் தட்டிப்போயின. குமுதா வந்ததையெல்லாம் தட்டிக் கழித்தாள். பிறகு வரன் வருவதே நின்றுபோனது. அதில் இருவருக்கும் பெரிய வருத்தமில்லை.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில்தான் குமுதாவுக்குச் சின்னையாவோடு பழக்கம் ஏற்பட்டது. அவர் மனைவியை இழந்தவர், அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, சாந்தமான மனிதர். அவர் தன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கும் விஷயத்தைக் குமுதா சொன்ன அன்று ரமணி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை மூடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"நல்லதுதானே" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ரமணி கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தாள். கதவைத் திறக்கும்போது "நான்தான்" என்று உள்ளே குரல் கொடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. குரல் கொடுத்துவிட்டு ஒரு கணம் செருப்போடு அப்படியே நிற்பாள். வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் நகரவே நகராது. துணி துவைத்து, தரை துடைத்து, சமைத்துச் சாப்பிட்டு, நேரத்தைப் பார்த்தால் பதினொன்றரை ஆகியிருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் பழைய காடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா விளம்பரமும் ஒரே பாட்டைத்தான் பாடின: பெண் ஓட்டியது, அடிபடாதது, வாங்கி ஓட்டவேண்டியதுதான். ஒன்றில் மட்டும் தமிழில் இப்படி எழுதியிருந்தது: 'டர்போ காடி. புகை விடுகிறது. பழுது பார்க்கத் தெம்பு உள்ளவர்கள் மட்டும் கூப்பிடவும். ஜெலுத்தோங்.'

ரமணி சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. கூப்பிட்டாள்.

விளம்பரம் போட்டிருந்த சீனி முகம்மதுக்கு எழுபதை ஒட்டிய வயது. ஜெலுத்தோங்கில் வரிசை வீடுகளில் கடைசி வீடு. முட்டி வலியால் ஒரு கையைச் சுவரில் ஊன்றி நடந்துவந்து கேட்டைத் திறந்தார். போர்ட்டிகோவில் சாம்பல் நிறத் தார்ப்பாய் போர்த்திய காடி நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தார்ப்பாயை உரித்தார்கள். கருநீல நிறத்தில் ஒரு ஜப்பான் காடி. பதினாறு வருஷத்துப் பழசு. பானெட்டின் மேல் காற்று உள்ளே போக ஒரு மூக்கு வைத்திருந்தது.

"மகன் காடிம்மா. அவன் பேரு ஹைக்கல். டோஹாவுல இருக்கான். மூணு வருசமாச்சு. வந்து எடுத்துக்குவேன், எடுத்துக்குவேன்னான். இப்ப போன மாசம் கூப்புட்டு, 'வித்துருங்க அத்தா'ன்னுட்டான்."

"நீங்க ஓட்டலையாண்ணே?"

"நானா? இது மிதிச்சா பாயும்மா. என் காலு அதுக்கு ஆவாது. வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெப்பேன். அந்தச் சத்தம் கேட்டா பய வீட்டுல இருக்குற மாதிரி இருக்கும்லா."

ரமணி அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். தான் பின்னால் போய்ப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே!" காடி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. நீலப் புகை கொத்தாக வந்து அவள் முகத்தில் அடித்தது. எண்ணெய் கருகும் வாடை. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுப் பிறகு ஒரு மிதி மிதிக்கச் சொன்னாள். மறுபடியும் நீலப் புகை, இந்தமுறை இன்னும் அடர்த்தியாக. முன்னால் வந்து, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, காற்றுக் குழாயின் கிளாம்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சின்னச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாள். பக்கவாட்டில் தாராளமாக ஆடியது. விரலெல்லாம் எண்ணெய்.

இருபத்தெட்டு வருஷமாக, ஒரு பொருளில் எது கெட்டிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் வேலை. கெட்டதை மட்டும் பார்க்கிறவர்கள் நல்ல பொருளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்வாள்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்குண்ணே. டர்போதான் போயிருச்சு. சக்கரத்த தாங்குற புஷ் தேஞ்சு எண்ணெ ஒழுவுது."

"காடி ரிப்பேர் பாக்குற ஃபோர்மேன் ஒருத்தனும் அதான் சொன்னான். வந்தவங்க எல்லாம் புகையப் பாத்துட்டு ஓடிட்டாங்க. நீ என்னம்மா இப்படி கையெல்லாம் கரியாக்கிக்கிட்டே?"

விலை பேச அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை. அவர் கேட்டதைக் கொடுத்தாள். இழுவை லாரி வந்து காடியை ஏற்றியபோது சீனி முகம்மது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரி முனை திரும்பிய பிறகும் அவர் உள்ளே போகவில்லை. போர்ட்டிகோவில் காடி நின்ற இடம் மட்டும் தூசி படாமல் நீள்சதுரமாகத் தெரிந்தது. மடித்த தார்ப்பாயை ரமணியிடமே கொடுத்து, "மழையில போட்டுராதம்மா" என்றார்.

சுங்கை நிபோங்கில் இக்மல் என்பவரின் ஒர்க்‌ஷாப் இருந்தது. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம், நாற்பது வயதிருக்கும், வேலையில் பொய் சொல்லாதவர் என்று தொழிற்சாலையில் பேர். அவர் காடியைச் சுற்றி வந்தார், பானெட்டைத் திறந்தார், மூடினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் செலவுக்கு சின்னதா ஒண்ணு, புகை இல்லாம வாங்கிருக்கலாம்ல? இது என்னாத்துக்கு?"

 ரமணி உள்ளதையே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமயெல்லாம் ரொம்ப நீளமா இருக்கு, இக்மல். எனக்கு ஒரு வேல வேணும். நானும் கூட நின்னு செய்யலாமா?"

இக்மல் பானெட்டை மறுபடியும் திறந்தார். "பழைய துணி போட்டுக்கிட்டு வாங்க" என்றார்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. முதல் வாரம் கழற்றுவதே வேலை. பதினாறு வருஷச் சூட்டில் இறுகிப்போன போல்ட்டுகள் அசைய மறுத்தன. எண்ணெய் அடித்து, ஊறவிட்டு, சூடு காட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். ஒன்று உடைந்தே போனது. உடைந்த துண்டைத் துளை போட்டு எடுப்பதற்குள் அன்றைய பொழுது முடிந்துவிட்டது. இரண்டாவது வாரம் பாலம் தாண்டி, சிம்பாங் அம்பாட்டில் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த காடிகளை மலைபோல் குவித்துவைத்திருக்கும் ஒரு கிடங்குக்குப் போனார்கள். மூக்குகள், கண்கள், பாதி உடம்புகள். அங்கே ஏழு டர்போக்களைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து ரமணியே எட்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். சக்கரம் சுண்டிவிட்டதும் சத்தமில்லாமல் சுற்றி, மெதுவாக நின்றது. "இது" என்றாள். கிடங்கின் முதலாளியான தவுக்கே அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு இக்மலிடம் சீன மொழியில் ஏதோ சொன்னார். இக்மல் சிரித்தார், மொழிபெயர்க்கவில்லை.

பழைய டர்போவை இக்மல் இரும்புக் கடைக்குப் போடுவதாகச் சொன்னார். ரமணி வேண்டாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. வைக்க இடம் தேடியபோது குமுதாவின் அறைதான் காலியாக இருந்தது. அந்த அறைக் கதவை அவள் நான்கு மாதமாகத் திறக்கவில்லை. கட்டிலில் வெறும் மெத்தை. ஜன்னல் கம்பியில் குமுதா மறந்துபோன ஒரு ஹேர் கிளிப். பழைய செய்தித்தாளை விரித்து டர்போவைத் தரையில் வைத்தாள். எண்ணெய் கசிந்து செய்தித்தாளில் பரவியது. அதைப் பார்த்துக்கொண்டு மெத்தையின் ஓரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது ஞாயிறு காடியை ஸ்டார்ட் செய்தார்கள். முதலில் பெட்ரோல் போகாமல் இருக்க ஃபியூசை எடுத்துவிட்டு, எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டார் இக்மல். புது டர்போவுக்கு எண்ணெய் போய்ச் சேரட்டும் என்றார். பிறகு ஃபியூசைப் போட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. அடுத்த கணம் பின்னாலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பி ஒர்க்‌ஷாப்பையே மூடியது. பக்கத்துக் கடைக்காரர் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்.

ரமணி பின்னால் ஓடிப்போய்க் குழாயைப் பார்த்தாள். "தப்பான டர்போ எடுத்துட்டேன்" என்றாள்.

"இல்லக்கா. குழாய்க்குள்ள பழைய எண்ணெ நெறைய தேங்கியிருக்கு. அது எரிஞ்சு முடியணும். ஓட்டுங்க. நல்லா ஓட்டுங்க. நிக்கலன்னா திரும்பி வாங்க."

கடலோர விரைவுச்சாலையில் ஏறினாள். கண்ணாடியில் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை, புகைதான். மோட்டார்சைக்கிள்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிப் போனார்கள். அவள் இடது தடத்தில் மெதுவாக, வெட்கத்தோடு ஓட்டினாள். ஜெலுத்தோங் தாண்டி, பட்டணத்தில் கப்பல் துறை வரை போய்த் திரும்பும்போது கண்ணாடியில் ஒரு லாரியின் விளக்குகள் தெரிந்தன. அப்புறம் லாரியின் நம்பர் தெரிந்தது. அப்புறம் தெளிவான சாலை. நம்ப முடியாமல் காலைக் கொஞ்சம் அழுத்தினாள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மூக்கின் வழியாகக் காற்று சீறி உள்ளே போகும் சத்தம் கேட்டது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் காடி பாய்ந்தது. இடப்பக்கம் கடல் பின்னால் ஓடியது.

"பாத்தியாடி!" என்று கத்தினாள் ரமணி.

கத்திவிட்டு இடது இருக்கையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய கைப்பையும் எண்ணெய்த் துணியும் கிடந்தன. காலைத் தளர்த்தினாள். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப் வரும்வரை அறுபதுக்கு மேல் போகவில்லை.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மை தெரியும். ஒருத்தி ஒரே சமயத்தில் சாவியையும் திருப்பி, பின்னால் நின்று குழாயையும் பார்க்க முடியாது. அதனால் ஃபிளாட்டின் கீழே, ஒரு செங்கல்லில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, படம் பிடிக்கவிட்டு, ஓடிப்போய் ஸ்டார்ட் செய்வாள். பிறகு இறங்கிவந்து படத்தைப் போட்டுப் பார்ப்பாள். புகை இல்லை. மறுநாளும் இல்லை. பத்து நாள் படங்கள் சேர்ந்தன. யாருக்காவது அனுப்பலாமென்று தோன்றியது. சீனி முகம்மதுக்கு ஒன்று அனுப்பினாள். அவர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி, 'மகனுக்கும் அனுப்பினேன்' என்று எழுதினார். குமுதாவுக்கு அனுப்பவில்லை. நேரில் காட்டலாமென்று இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பாலம் ஏறினாள். போகும் வழியெல்லாம் அவள் மனதில் ஒரு நினைப்பு இருந்தது. அதை நினைப்பென்றுகூட ஒத்துக்கொள்ள மாட்டாள். குமுதா இளைத்திருப்பாள், அலுத்திருப்பாள், காதோரம் வந்து "முடியலடி" என்பாள் என்று.

குமுதா நன்றாக இருந்தாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது. சின்னையாவின் பேத்தி ஒருத்தி, நான்கு வயது, அவள் கைலியைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. சின்னையா ஓடிவந்து கேட்டைத் திறந்தார்.

"வாங்க தங்கச்சி, வாங்க! குமுதா உங்களப் பத்தி பேசாத நாள் இல்ல. மைலோ கலக்கச் சொல்லவா, கோப்பியா?"

ரமணியை வரவேற்பறையில் நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தட்டில் பிஸ்கட் வந்தது. குமுதா அவளுக்குக் கண்ணாடிக் கோப்பையில் கோப்பி கொடுத்தாள், கீழே சாஸரோடு. ரமணி அந்த சாஸரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் குமுதா அவளுக்கு சாஸர் வைத்துக் கொடுத்ததே கிடையாது.

"காடி வாங்கியிருக்கேன்" என்றாள்.

"நீயா?" குமுதா வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். "அடியே, இது என்னா பையனுங்க காடி! மூக்கெல்லாம் வெச்சிருக்கு!"

"வா, ஒரு ரவுண்டு போவோம்."

குமுதா சின்னையாவைப் பார்த்தாள். "போய்ட்டு வா, போய்ட்டு வா" என்று அவர் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

ஊர் முடிந்து வயல்வெளிச் சாலை வந்தது. நேரான, ஆளில்லாத சாலை. ரமணி சொல்லாமலே அழுத்தினாள். காடி பாய்ந்ததும் குமுதா கத்திக்கொண்டே டாஷ்போர்டைப் பிடித்தாள். அப்புறம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ரமணியும் சிரித்தாள். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளையும், உடைந்த போல்ட்டையும், புகையையும், தான் எட்டாவதாகத் தேர்ந்தெடுத்ததையும் மூச்சுவிடாமல் சொன்னாள். குமுதா "ஐயோ", "அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு வாய்க்கால் பாலத்தருகே வண்டியைத் திருப்ப நிறுத்தியபோது குமுதாவின் சிரிப்பு அடங்கியது. வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ ஏண்டி அன்னிக்கி ஒண்ணுமே சொல்லல?"

"என்னிக்கி?"

"தெரியாத மாதிரி கேக்காத. நான் சொன்னேன், நீ மீனு கழுவிக்கிட்டே நல்லதுதானேன்ன. அவ்வளவுதானா? நான் ஒரு வாரம் காத்திருந்தேன், தெரியுமா? ஏதாவது சொல்லுவ, திட்டுவ, ஒரு வார்த்த கேப்பன்னு. அவருக்குப் பதில் சொல்லாம ஒரு வாரம் இழுத்தடிச்சேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாரை ஒன்று வரப்பிலிருந்து கிளம்பிப் பக்கத்து வரப்பில் போய் இறங்கியது.

"சொல்லியிருந்தா?" என்றாள் ரமணி.

"தெரியாது." குமுதா உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப கேட்டா எனக்குத் தெரியாது. அவரு நல்லவருடி. எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அந்த ஒரு வாரம்..."

கைப்பேசி அடித்தது. பேத்தி அழுகிறதாம், கோப்பித்தூள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டதாம், சின்னையா சிரித்துக்கொண்டே சொல்வது ரமணிக்கும் கேட்டது. "வந்துட்டோம், வந்துட்டோம்" என்றாள் குமுதா. அவள் குரல் அதற்குள் மாறியிருந்தது, வீட்டுக்காரியின் குரலாக.

கேட்டில் இறங்கும்போது, "அடிக்கடி வந்துட்டுப் போ. போய்ச் சேந்ததும் சொல்லு" என்றாள்.

ரமணி வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. 'வந்துட்டேன்' என்று குமுதாவுக்குச் செய்தி அனுப்பினாள். விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்னொன்று தட்டினாள். அழித்தாள். மறுபடியும் தட்டினாள். 'போகாதன்னு சொல்லத்தான் நெனச்சேன். வாய் வரல.' மறுபடியும் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

குமுதா படித்துவிட்டாள், தெரிந்தது. ஏதோ எழுதுகிறாள் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ரமணி குளித்து, பசியில்லாமல் இரண்டு ரொட்டியைத் தின்று படுத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பதில் வந்தது. ஒரு படம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கத்தரிச் செடி, கொத்துக் கொத்தாகக் காய். கீழே எழுதியிருந்தது: 'நெறைய காச்சிருக்கு. யாரும் திங்க ஆளில்ல. வந்து எடுத்துக்கிட்டுப் போ.'

ரமணி அதைப் பலமுறை படித்தாள். அதில் பதில் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனாள். இரண்டு பேரும் செடியருகே குனிந்து காய் பறித்தார்கள். சின்னப் பிள்ளை கூடையைப் பிடித்துக்கொண்டது. அந்தச் செய்தியைப் பற்றி குமுதாவும் பேசவில்லை, ரமணியும் பேசவில்லை. உரம் போட்டதைப் பற்றியும், பூச்சி விழுந்ததைப் பற்றியும் பேசினார்கள். கோப்பி இந்தமுறையும் சாஸரோடுதான் வந்தது. நான்கு மணிக்கெல்லாம் ரமணி கிளம்பிவிட்டாள். குமுதா ஒரு பை நிறையக் காய்களை இடது இருக்கையில் வைத்து, சாய்ந்துவிடாமல் இருக்க இருக்கை பெல்ட்டை அதன் குறுக்கே போட்டுவிட்டாள்.

பாலத்தில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன வண்டிகளெல்லாம் வேகம் குறைத்தன. ரமணியும் குறைத்தாள். அவ்வளவு கத்தரிக்காயை ஒருத்தி எத்தனை நாளைக்குத்தான் சமைப்பாள் என்று யோசித்துக்கொண்டே, வைப்பர் தள்ளும் தண்ணீருக்கு நடுவே தெரிந்த சாலையைப் பார்த்து ஓட்டினாள்.